அகவிலையும் படியும்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கதவு காலையில் திறக்குமுன்பே வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிற நாலைந்து பேரில் ஒருவர், கணக்குத் துறையில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வரவு செலவில் பத்துப் பைசா பிசகினாலும் அன்றிரவு தூக்கம் பிடிக்காத சுபாவமுடையவர். அவருக்கும் எனக்கும் சிநேகம் வளர்ந்ததே அபிப்பிராய பேதத்தினால்தான். ரேஷன் அரிசி கடத்திய லாரி பிடிபட்டது என்ற செய்தி, பத்திரிகையின் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் எவ்வளவு சிறிய எழுத்தில் வந்திருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டு, “சர்க்கார் எதற்கு சார் மளிகைக் கடை நடத்த வேண்டும்? அரிசிக்கு ஆகிற காசை அவரவர் கணக்கில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?” என்று ஆரம்பிப்பார்.

அவருடைய வாதத்தை அவர் சொல்லுகிற தோரணையிலேயே எடுத்துச் சொல்வதுதான் நியாயம். வயலிலிருந்து நெல்லாகப் புறப்பட்டது அரிசியாக ஓர் ஏழை வீட்டு உலைக்குப் போய்ச் சேருவதற்குள், கொள்முதல் நிலையம், கிடங்கு, அரவை ஆலை, மறுபடியும் ஒரு கிடங்கு, லாரி, கடை என்று எத்தனை கை மாறுகிறதோ அத்தனை கையிலும் கொஞ்சம் சிந்துகிறது. சிந்தாததை எலி தின்கிறது, எலி தின்னாததை ஈரம் தின்கிறது. இவ்வளவுக்கும் தப்பி வந்து சேர்ந்ததில் ஒரு பங்கை வாங்கினவர்களே இட்லிக் கடைக்கும் மாவு மில்லுக்கும் கோழிப் பண்ணைக்கும் விற்றுவிடுகிறார்கள். பணமாகக் கொடுத்தால் இந்தச் செலவு அத்தனையும் மிச்சம். அது மட்டுமல்ல, நீரிழிவுக்காரர் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம், பிள்ளை பெற்ற வீட்டில் முட்டையும் பாலும் வாங்கிக்கொள்ளலாம். வயது வந்த மனிதருக்கு இன்னதைத்தான் சாப்பிட வேண்டும் என்று சர்க்கார் அளந்து போடுவது ஒருவகையில் அவருடைய சுயமரியாதைக்கே குறைவு. அவர் இதைச் சொல்லி முடிக்கும்போது சுற்றியிருக்கிற மூன்று பேரில் இரண்டு பேர் தலையாட்டிவிடுவார்கள். நானும் பாதி ஆட்டியிருப்பேன்.

லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. பெரிய மனிதர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க வழி சொல்லும்படி மத்திய சர்க்கார் 2014-இல் சாந்தகுமார் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது; அக்குழு 2015 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில், பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களில் தொடங்கி, படிப்படியாகத் தானியத்துக்குப் பதில் பணமே கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லிற்று. அந்த வருஷமே அதற்கான விதிகள் வந்தன. சண்டிகரிலும் புதுச்சேரியிலும் பரீட்சை ஆரம்பமாயிற்று.

ரேஷன் கடையின் குறைகளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கையில் அள்ளினால் பழுப்பும் முகர்ந்தால் பழஞ்சாக்கு வாடையுமாக அரிசி வந்த மாதங்களை நான் அறிவேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோன ஒரு கிழவியின் கட்டைவிரலை இயந்திரத்தின்மேல் ஐந்து தடவை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு வாங்க பாட்டி’ என்று அனுப்பிவைத்ததை வரிசையில் அவளுக்கு அடுத்தாற்போல நின்று பார்த்திருக்கிறேன். எடைத் தராசு ஒரு பக்கமாகவே சாய்கிற ரகசியமும் தெரியும். ஆகையால், கடை உத்தமமாக நடக்கிறது என்ற ஆதாரத்தின்மேல் என் கட்சியை நான் கட்டவில்லை. வாதத்தின் ஒவ்வொரு வரியும் சரியாயிருந்தும் முடிவு பிசகிப்போவதுண்டு. அதற்கு அத்தாட்சி தேடிச் சீமைக்குப் போக வேண்டாம், பாக் ஜலசந்தியைத் தாண்டினால் போதும்.

இலங்கையில் யுத்த காலத்திலே ஏற்பட்ட பங்கீட்டு முறை யுத்தம் முடிந்த பிறகும் நின்றுவிடவில்லை. நம்மூரில் படி எப்படியோ, அங்கே தமிழர்களுக்குக் கொத்து அப்படி. ஒரு கொத்து என்றால் ஏறக்குறைய இரண்டு ராத்தல். கூப்பன் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சங்கக்கடையில் சகாய விலைக்குக் கொத்துக் கணக்கில் அரிசி அளந்து போடுவார்கள். கூலிக்காரர், குமாஸ்தா, உபாத்தியாயர் எல்லோரும் அதை வாங்கினார்கள். 1952 தேர்தலில் டட்லி சேனநாயக்காவின் கட்சி ஜெயித்ததற்கு, கொத்து 25 சதத்துக்குக் கொடுப்போம் என்ற வாக்கும் ஒரு காரணம். அடுத்த வருஷமே நிலைமை மாறிற்று: கொரிய யுத்தத்தினால் ஏறியிருந்த ரப்பர் விலை சரிந்தது, வெளிநாட்டு அரிசியின் விலை ஏறியது, கஜானா காலியாயிற்று. 1953-இல் நிதி மந்திரியாயிருந்த ஜே.ஆர். ஜயவர்த்தனா சபையில் எழுந்து நின்று, இனிமேல் ஒரு கொத்து 70 சதம் என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார். பள்ளிக் குழந்தைகளின் மத்தியான ஆகாரத்தை நிறுத்தியதும், தபால் ரயில் கட்டணங்களை ஏற்றியதும் அதே கையோடு நடந்தன.

ஆகஸ்டு 12-ஆம் தேதி நாடு நின்றுபோயிற்று. கடைகள் அடைத்துக் கிடந்தன. ரயில் பாதைகள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மந்திரி சபை தன் கூட்டத்தைக் கரையிலே நடத்த அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியிருந்த நியூபவுண்ட்லாந்து என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய் உட்கார்ந்து ஆலோசித்தது. சுதந்திரம் அடைந்து ஐந்து வருஷமே ஆகியிருந்த ஒரு தேசத்தின் மந்திரிகள், தங்கள் ஜனங்களுக்குப் பயந்து பழைய எஜமானர்களின் கப்பலில் தஞ்சம் புகுந்த காட்சியை யாராவது நாடகமாக எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டார் என்றுதான் சொல்லியிருப்போம். அக்டோபரில் டட்லி பதவியை விட்டு விலகினார். அவருக்குப் பின் வந்த கொத்தலாவலை விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அந்தத் தீவில் கால் நூற்றாண்டு காலம் அரசியல் என்பது கொத்தைச் சுற்றியே நடந்தது. 1966-இல் திரும்பவும் பிரதமராயிருந்த அதே டட்லி, வாரத்துக்கு இரண்டு கொத்தாயிருந்ததை ஒன்றாக்கினார். அந்த ஒன்றை இலவசமாகவே கொடுத்தார் என்றாலும், போன கொத்தைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள். 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா அந்த இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்தார். சந்திர மண்டலத்திலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்கிற பேச்சு மேடைகளில் அடிபட்டது. அவர் ஜெயித்த பிறகு வந்த உலகப் பஞ்ச காலத்தில், 1973, 1974 வருஷங்களில், பங்கீடு சுருங்கியது. அதன் பாரம் முழுவதும் யார் தலையில் விழுந்தது என்றால், ஒரு குழி நிலங்கூடச் சொந்தமில்லாமல் கூப்பனையும் கோதுமை மாவையுமே நம்பியிருந்த மலையகத் தோட்டத் தொழிலாளரான நம்மவர் தலையில். தேயிலைத் தோட்டங்களில் மரண விகிதம் அந்த நாட்களில் ஏறியதைப் பதிவேடுகள் சொல்கின்றன. இறக்குமதித் தடையினால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக் கமக்காரர் கையில் காசு புரண்டதும் அதே காலந்தான். ஒரே கொள்கை ஒரு தமிழரை வாழவைத்து இன்னொரு தமிழரைப் பட்டினி போட்ட அந்தக் கதை தனியே எழுத வேண்டியது.

1977-இல் ஆட்சிக்கு வந்தவர் அதே ஜயவர்த்தனா. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்பு கொத்துக்கு 45 சதம் ஏற்றி நாட்டையே கொந்தளிக்க வைத்தவர், இந்தத் தடவை அரிசி விலை என்கிற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. முதலில் வருமானக் கணக்குப் பார்த்து ஜனங்களில் பாதிப் பேரைப் பங்கீட்டிலிருந்து கழித்தார். 1979 செப்டம்பரில் மிச்சமிருந்தவர்களுக்கும் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். சீட்டில் இத்தனை கொத்து என்று போடவில்லை; இத்தனை ரூபாய் என்று போட்டிருந்தது. கொடுத்த அன்றைக்கு அது குறைவான தொகையல்ல. அந்த ரூபாய்க்கு உரிய அரிசி அன்றைக்குக் கடையில் கிடைத்தது. ஆனால் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போயிற்று, சீட்டில் அச்சிட்ட எண் அப்படியே நின்றது; சில வருஷங்களுக்குள்ளாகவே சீட்டின் உண்மை மதிப்பு ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்து, பரம ஏழைகளின் கலத்தில் விழுகிற சோறும் குறைந்தது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

1953-இல் நடந்ததும் 1979-க்குப் பிறகு நடந்ததும், பசியின் கணக்கில் பார்த்தால் ஒரே காரியந்தான். ஏழைக்குப் போகிற அரிசி குறைந்தது. முதல் தடவை ஒரு மந்திரி எழுந்து நின்று வாய் திறந்து சொல்லவேண்டியிருந்தது. சொன்னார், நாடு பற்றிக்கொண்டது, ஒரு பிரதம மந்திரி போனார். இரண்டாம் தடவை யாரும் எதையும் சொல்லவில்லை; கெஸட்டில் ஒரு வரி இல்லை, சட்டசபையில் ஒரு கேள்வி இல்லை; விலைவாசியே அந்த வேலையைச் செய்துகொடுத்துவிட்டது. கல்லெறியலாமென்றால் யார்மேல் எறிவது? ஹர்த்தால் செய்யலாமென்றால் எந்தத் தேதியில் செய்வது? அரிசியைக் குறைக்கிறவன் பகலில் வந்து குறைக்க வேண்டியிருக்கிறது; பணத்தைக் குறைக்கிறவனுக்கு அந்தச் சங்கடமே கிடையாது. என் சிநேகிதரோடு எனக்குள்ள வழக்கு முழுவதும் இவ்வளவுதான்.

இலங்கைக் கதையைச் சொன்னபோது அவர், “அது வேறு தேசம், அது வேறு காலம்” என்றார். நம்முடைய தேசத்திலேயே, அதுவும் ஒரே நாளில் ஒரே பேனாவினால் போட்ட கையெழுத்துகளில் இந்தப் பரீட்சை நடந்திருக்கிறதே! 2011 மே 16-ஆம் தேதி முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ வரையில் அரிசி, அதுவரையில் கிலோ ஒரு ரூபாயாயிருந்தது, ஜூன் முதல் தேதியிலிருந்து இலவசம் என்றது ஒன்று. முதியோர் உதவித்தொகை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகும் என்றது மற்றொன்று. அதற்குப் பிறகு முதலமைச்சர்கள் மாறினார்கள், கட்சி மாறியது, வெள்ளம் வந்தது, கொள்ளைநோய் வந்தது; 20 கிலோவைப் பத்தொன்பதாக்க எவரும் துணியவில்லை. 1,000 ரூபாயோ, 2023 ஆகஸ்டு வரைக்கும் பன்னிரண்டு வருஷம் அதே 1,000 ரூபாயாக இருந்து, பிறகு 1,200 ஆயிற்று. தில்லியின் பங்கு இதைவிட விசேஷம்: 1995-இல் 75 ரூபாயாக ஆரம்பித்து, 2006-இல் 200 ரூபாயாக்கப்பட்ட முதியோர் ஓய்வூதியம், எண்பது வயதுக்கு உட்பட்ட கிழவருக்கும் கிழவிக்கும் இன்றைக்கும் மாதம் 200 ரூபாயேதான்.

தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தில் இந்த வித்தியாசம் ஒரே கவருக்குள் இருந்தது. படித்த பெண்ணின் கலியாணத்துக்கு 25,000 ரூபாயும், பட்டம் பெற்றவளானால் 50,000 ரூபாயும், கூடவே முதலில் 4 கிராமும் 2016-க்குப் பிறகு 8 கிராமும் தங்கமும் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் முடிகிற வரையில் ரூபாய் ரூபாயாகவே இருந்தது. கிராம் மட்டும் ஆசாரி கடைக்குப் போகிற அன்றைய விலையைத் தானே தேடிக்கொண்டது. பெண்களுக்கு 2021 முதல் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று செய்ததும் இப்படிப்பட்டதே: நாளைக்கு டிக்கெட் விலை இரட்டிப்பானாலும் அவளுடைய பயணம் பாதி வழியில் இறக்கிவிடப்படுவதில்லை.

அளவையாகக் கொடுத்த வாக்கை ஜனங்கள் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டில் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லித் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, மே மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடத் தொடங்கினார் அண்ணாதுரை, மாகாணம் முழுவதற்கும் அதை விரிக்கக் கஜானா இடங்கொடுக்கவில்லை. அந்த மூன்று படி எங்கே என்ற கேள்வியை எதிர்க்கட்சி மேடைகள் எத்தனை தேர்தல்களுக்கு வைத்துக்கொண்டிருந்தன என்பதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னொரு காலத்தில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்களின் அட்டையில் ‘எச்’ என்று ஒரு முத்திரையைக் குத்தி அரிசியை நிறுத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழ்நாட்டில் ஓரிடங்கூடப் பெறாமல் தோற்றது, அந்த மே மாதமே முத்திரை வாபஸாயிற்று. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன, வாஸ்தவம். ஆனால் ஓய்வூதியம் 200 ரூபாயில் நிற்கிறது என்பதற்காக எந்த ஆட்சியாவது ஒரு தொகுதியை இழந்ததாக நான் கேள்விப்படவில்லை.

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் என் அத்தை ஒருத்தி இருக்கிறாள். அங்கே அரிசிக்குப் பதில் பணம் என்று ஏற்பட்டு, ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்த வருஷங்களில் ஒரு தடவை போயிருந்தேன். பணம் வருகிறதா என்று கேட்டேன். “வருதுன்னுதான் சொல்றாங்க” என்றாள். செல்போனில் வருகிற செய்தி இங்கிலீஷில் இருக்கும். அடுத்த வீட்டுப் பையன் காலேஜிலிருந்து வந்தால்தான் அது பணம் வந்த செய்தியா, பணம் எடுத்த செய்தியா என்று தெரியும். ஒரு மாதம் வந்தது, இரண்டு மாதம் வரவில்லை, பிறகு மொத்தமாக வந்தது. வந்ததில் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி கொஞ்சம் பிடித்துக்கொண்டது. எந்த மாதத்துக்கு எவ்வளவு, அதில் பிடித்தது எவ்வளவு என்று கேட்கப் பஸ் ஏறிப் போனாள். அங்கே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த பெண், ‘நாங்க என்னம்மா பண்றது, கவர்ன்மென்ட்டைக் கேளுங்க’ என்று சொல்லிவிட்டாள். கவர்ன்மென்ட் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியவில்லை. “கடை இருந்தப்ப அந்த ஆளு பேரு தெரியும், அவன் பொண்டாட்டி பேரும் தெரியும், முறத்தைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரா நீட்டுவேன். இதுக்கு எதை நீட்டறது? காசு வந்தாலும் உங்க மாமா போனுக்குப் போட்டுடறாரு” என்றாள்.

அந்த முறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரிசியும் சத்தமில்லாமல் குறையக்கூடியதுதானே, எடையைக் குறைத்தால் என்ன, கல்லையும் நொய்யையும் கலந்தால் என்ன என்று என் சிநேகிதர் மடக்கினார், நல்ல கேள்வி. அளவு குன்றாமல் தரம் குன்றுவது உண்டு. அதுவும் ஒரு மாதிரியான பணவீக்கமே. ஆனால் அத்தை வாசல் திண்ணையில் முறத்தைச் சாய்த்துப் பிடித்து, நுனியில் தட்டித் தட்டி, கறுப்பு அரிசியை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் ஒதுக்குகிறபோது, அந்தப் பணவீக்கம் கையில் எடுத்து எண்ணக்கூடிய பொருளாகிவிடுகிறது. பதினோரு கல் என்று அவள் கணக்குச் சொல்லுவாள், அக்கம்பக்கத்தாரும் தங்கள் தங்கள் கணக்கைச் சொல்லுவார்கள், நாலு பேர் சேர்ந்து கடைக்குப் போவார்கள். விலைவாசிக் குறியீட்டெண்ணை எந்த முறத்தில் போட்டுப் புடைப்பது? 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பாக, புதுச்சேரியில் ரேஷன் கடைகளை மறுபடியும் திறந்து அரிசியும் சர்க்கரையும் போடத் தொடங்கினார்கள். அத்தை போனில் கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சொன்ன குரலில் பண்டிகைக் களை இருந்தது. அடுத்த மூச்சில், அரிசி அவ்வளவு வெள்ளை இல்லை என்று குறையும் சொன்னாள். குறை சொல்ல ஓர் இடம் திரும்பக் கிடைத்துவிட்ட திருப்தி என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

கொடுக்கிற முனையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வாங்குகிற முனை தஞ்சாவூரில் இருக்கிறது. 1965-இல் உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததே அங்கேதான். குறுவை அறுப்பு மழையோடு வருகிற வருஷத்தில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்குமா என்று நெல்லைக் காயவைத்துக் கிளறிக்கொண்டு இரவு பகலாய்க் காத்துக் கிடக்கிற மிராசுகளையும் குத்தகைக்காரர்களையும் கேட்டால், அந்த நிலையம் போதாது என்பார்கள், அங்கே நடக்கிற கூத்துகளைக் கதை கதையாய்ச் சொல்வார்கள், அது வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். உண்பவர்களுக்கெல்லாம் பணத்தையே கொடுத்துவிட்டால், கடைக்கு அரிசி வேண்டியதில்லை; கடைக்கு வேண்டாத நெல்லைச் சர்க்கார் எத்தனை வருஷத்துக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கிக்கொண்டிருக்கும்?

பணமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. முதியவருக்குக் கைச்செலவு வேண்டும். 2023 செப்டம்பரில் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையினால் எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளையின் பேச்சுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது. மருந்துக்கும் பள்ளிக்கூட நோட்டுக்கும் அரிசியைக் கொடுக்க முடியாது. என் யோசனை சிறியது. பணம் கொடுக்கிற ஆணையில் ரூபாயை எழுதாமல் அரிசியை எழுத வேண்டும்: இன்ன ரகப் புழுங்கலரிசி இத்தனை கிலோவுக்கு அந்தந்த அரையாண்டில் என்ன விலையோ அந்தத் தொகை என்று எழுதிவிட்டால், பணத்தின் சௌகரியமும் இருக்கும், படியின் மானமும் போகாது. சாந்தகுமார் குழுவே தன் அறிக்கையில், கொடுக்கிற தொகையை விலைவாசியோடு பிணைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்று எழுதித்தான் வைத்தது. அறிக்கையைப் பிரமாதமாக எடுத்துப் பேசுகிறவர்கள் அந்த இடம் வரும்போது மட்டும் ஏனோ பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

இது நடைமுறைக்கு ஒத்துவராது, ஒவ்வோர் அரையாண்டும் கணக்குப் போடுவது யார் என்று என் சிநேகிதர் ஆட்சேபித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷத்தில் இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், சர்க்கார் ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் விலைவாசி ஏற்றத்தைத் தசம ஸ்தானம் வரையில் கணக்கிட்டு உயர்த்திக் கொடுக்கிறார்களே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். “அகவிலைப்படி” என்றார். அகம் என்றால் பழைய தமிழில் தானியம். ஆத்திசூடியில் ஔவை அஃகம் என்று சொல்வதும் அதையே. அகவிலை என்றால் தானிய விலை. தானிய விலை ஏறினால் அதற்கேற்ப அளக்கிற படி என்று சம்பளக்காரருக்கு மாத்திரம் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறோம். தானியத்துக்கே வழியில்லாத கிழவிக்கு அந்த அகவிலையும் இல்லை, படியும் இல்லை.

அவர் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, “2011-இல் நெல்லுக்கு ஆதார விலை என்ன சார்?” என்றார். சாதா ரகம் குவிண்டாலுக்கு 1,080 ரூபாய் என்றேன். “2023-இல்?” 2,183 ரூபாய். பத்திரிகையின் ஓரத்தில், ரேஷன் அரிசி பிடிபட்ட செய்திக்குப் பக்கத்திலேயே, ஆயிரத்தைப் பெருக்கினார், வகுத்தார், மறுபடி ஒரு தடவை வகுத்துச் சரிபார்த்தார். கிழவியின் ஆயிரம் நெல்லோடு சேர்ந்து நடந்திருந்தால் 2,021 ரூபாய் 30 பைசா ஆகியிருக்கும் என்று வந்தது. அதற்குக் கீழே 1,200 என்று எழுதிக் கழித்தார். விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேப்பர்ல எழுதாதீங்க சார், எத்தனை தடவை சொல்றது?” என்றார் நூலகர், தம் மேஜையிலிருந்தபடியே.